ஒரு சுற்று ஓடிய தமிழ்ப் பெண்

ஒருவர் எந்த நாட்டுக்கு உரியவர் என்னும் வினாவுக்கு விடை கூறுதல் எப்போதும் எளிதன்று. கரீபியக் கடலிலுள்ள ஹைத்தி நாட்டில் பிறந்தவர் பார்பரா பியர் என்னும் ஓட்ட வீராங்கனை. 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவர் ஹைத்தியின் சார்பில் ஓடினார். 2016-ஆம் ஆண்டு உலக உள்ளரங்கப் போட்டியில் 60 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றபோதோ அவர் அமெரிக்க அணியில் இருந்தார். அவரை எந்த நாட்டின் மகள் என்று நாம் கொள்வது?

இவ்வினா நமக்குப் புதியதன்று. சித்தூர், நகரி, பாலசமுத்திரம் முதலிய ஊர்களில் வாழும் தமிழ் மக்களின் வரலாற்றிலேயே இது அடங்கியிருக்கிறது. 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைக்கப்படும் வரை, சித்தூர் நகரம் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கிற்று. 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வேறு பல ஊர்கள் ஆந்திரத்திலேயே நின்றன. மக்கள் ஊர் பெயர்ந்ததும் உண்டு. மக்கள் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லை பெயர்ந்ததும் உண்டு. தெலுங்கில் பயிலும் நம் வீட்டுப் பிள்ளை பள்ளிப் போட்டியில் ஓடும்போது, அப்பிள்ளை யாருடைய பிள்ளை? இதற்கு விடை தேடுவோர் அறிந்துகொள்ளத்தக்க வாழ்க்கை ஒன்று கடல் கடந்த மலேசியாவில் உண்டு.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கேமரன் மலைக்கு ஏறும் பாதையின் அடிவாரத்தில் தாப்பா என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே 1943-ஆம் ஆண்டில் பிறந்தவர் ராஜமணி. தந்தையின் பெயர் மயில்வாகனம் என்ற அளவிலேயே அவருடைய மொழியும் மரபும் நமக்கு விளங்கிவிடும். ரப்பர்த் தோட்டங்களில் பால் எடுக்கவும், இருப்புப்பாதை அமைக்கவும், அலுவலகங்களில் கணக்கெழுதவும் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் தமிழர்கள் மலேயா சென்றனர். வட ஆர்க்காட்டிலிருந்து கப்பலேறியவர்களும் அவர்களுள் பலர். போனவர்கள் திரும்பிவிடலாம் என்றே எண்ணியிருந்தனர். அவர்களுடைய பிள்ளைகளுக்கோ பிறந்த மண்ணே தாய்மண் ஆயிற்று.

ராஜமணி தேர்ந்துகொண்டது 400 மீட்டர் ஓட்டம். ஓட்டத் திடலை ஒருமுறை முழுதாகச் சுற்றிவருவது அது. பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இவ்வோட்டம் உண்மையில் மிகக் கடுமையானது. நூறு மீட்டர் ஓடுபவர் முழு விசையோடு ஓடி முடித்துவிடுவார். நெடுந்தொலைவு ஓடுபவர் தம் வலிமையைச் சிறிது சிறிதாகச் செலவிடுவார். ஒரு சுற்று ஓடுபவருக்கு இவ்விரண்டும் வாய்ப்பதில்லை. முழு விசையை இறுதிவரை தாங்க உடல் இடங்கொடாது. விசையைக் குறைத்தால் பிறர் முந்திவிடுவர். கடைசி நூறு மீட்டரில் மூச்சு போதாமல் தசைகள் இறுகி, கால்கள் இரும்பாய்க் கனக்கும். அப்போது ஓடுவது மனத்தின் உறுதியே.

இத்தகைய ஓட்டம் பெண்களுக்கு ஆகாது என்று உலகம் நெடுங்காலம் கருதிவந்தது. 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் தடகளப் போட்டிகளில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டு 800 மீட்டர் ஓட்டத்தை ஜெர்மனியின் லீனா ராட்கே உலகச் சாதனையோடு வென்றார். ஆனால் ஓடிய பெண்கள் களைத்து விழுந்தனர் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. ஓடி முடித்த ஆடவர் தரையில் சாய்ந்தால் அது வீரம் எனப்பட்டது. பெண்கள் சாய்ந்தால் அது பலவீனம் எனப்பட்டது. அதன் விளைவாக 800 மீட்டர் ஓட்டம் நீக்கப்பட்டு, 1960-இல் ரோமாபுரியில்தான் மீண்டும் இடம்பெற்றது. பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டம் 1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் தொடங்கப்பெற்றது.

அந்த முதல் ஓட்டத்திலேயே ராஜமணியும் நின்றார் என்பதை நாம் பெருமையோடு குறிக்க வேண்டும். தங்கம் ஆஸ்திரேலியாவின் பெட்டி கத்பர்ட்டுக்குச் சென்றது. 1956-இல் மெல்போர்னில் 100, 200 மீட்டர் ஓட்டங்களில் வாகை சூடிய அவர், எட்டு ஆண்டுகளுக்குப் பின் புதிய ஓட்டத்திலும் முதல்வரானார். தகுதிச் சுற்றைத் தாண்ட ராஜமணியால் இயலவில்லை. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. அவர் டோக்கியோவுக்குச் சென்றபோது மலேசியக் கூட்டமைப்பு தோன்றி ஓராண்டே ஆகியிருந்தது. மறு ஆண்டில் சிங்கப்பூர் அதனின்று பிரிந்தது. தன்னைத் தானே உருவாக்கிக்கொண்டிருந்த ஒரு நாட்டின் பெயரைத் தாங்கி அவர் ஓடினார்.

1965 டிசம்பரில் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகள் கோலாலம்பூரில் நடைபெற்றன. சொந்த நாட்டு மக்கள் முன்னிலையில் ராஜமணி 200, 400, 800 மீட்டர் ஓட்டங்களில் தங்கம் வென்றார். மறு ஆண்டு பாங்காக் நகரில் ஆசிய விளையாட்டுகள் நடந்தன. பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டம் ஆசியப் போட்டியில் சேர்க்கப்பட்டது அப்போதுதான். அதில் ராஜமணி தங்கம் வென்றார். ஆசியாவின் முதல் ஒரு சுற்று ஓட்ட அரசியாக ஒரு தமிழ்ப் பெண் விளங்கினார். அதே பாங்காக்கில் மற்றொரு மலேசியத் தமிழரான மருத்துவர் மணி ஜெகதீசன் 100, 200 மீட்டர் ஓட்டங்களிலும் தொடர் ஓட்டத்திலும் தங்கம் பெற்றார். அவ்வாண்டு மலேசியா தன் சிறந்த விளையாட்டு வீரருக்கும் வீராங்கனைக்கும் தேசிய விருது வழங்கத் தொடங்கியது. முதல் விருதுகளைப் பெற்ற இருவரும் ஜெகதீசனும் ராஜமணியுமே.

ராஜமணி விட்ட இடத்திலிருந்து பிறர் தொடர்ந்தனர். 1970-இல் அதே பாங்காக்கில் அதே ஓட்டத்தை இந்தியாவின் கமல்ஜீத் சந்து வென்றார். ஆசிய விளையாட்டுகளில் தனிப் போட்டியில் தங்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. 1986-இல் சியோலில் அப்பெருமை கேரளத்தின் பி. டி. உஷாவைச் சேர்ந்தது.

இனி, நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ராஜமணி தமிழர் என்பதால் மலேசியாவுக்கு அவர் அயலார் ஆகிவிடவில்லை. மலேசியாவுக்காக ஓடியதால் அவர் தமிழ்மரபு குன்றிவிடவும் இல்லை. குடிபெயர்ந்தோர் சுமக்கும் உறவு இரண்டு. ஒன்று வந்த வழியைப் பற்றியது. மற்றொன்று வாழும் இடத்தைப் பற்றியது. ஒன்றைக் கைவிட்டால்தான் மற்றொன்றைக் காக்க முடியும் என்று எண்ணுவோர்க்கு ராஜமணியின் வாழ்க்கையே மறுமொழி.

2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான நான்கு சுற்றுத் தொடர் ஓட்டத்தில் இந்திய அணி கலந்துகொண்டது. தமிழகத்தின் வித்யா ராம்ராஜ், சுபா வெங்கடேசன், ஆந்திரத்தின் ஜோதிகா ஸ்ரீ தண்டி, கருநாடகத்தின் பூவம்மா ஆகிய நால்வரும் ஆளுக்கொரு சுற்று ஓடினர். அவர்கள் இறுதிப் போட்டியை எட்டவில்லை. எனினும் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் கைகள் ஒரே கோலைக் கைமாற்றிச் சென்றன. பாலசமுத்திரத்துப் பிள்ளைகளுள் ஒருத்தி நாளை ஆந்திரத்தின் பெயரால் ஓடலாம். அவள் ஓடும்போது, எந்த மாநிலத்துக்கு என்று தயங்கி நிற்காமல் நாம் அவளை வாழ்த்துவோமாக.