பழைய ஃப்ரிட்ஜின் வாயுவும் அதன் விலையும்

பழைய ஃப்ரிட்ஜைக் கபாடிவாலாவிடம், நம் ஊர் பாஷையில் பழைய இரும்புக்காரரிடம், போடும்போது இரும்புக்கும் செம்புக்கும்தான் பேரம் பேசுகிறோம். குழாயை வெட்டியதும் 'உஸ்' என்று வெளியேறும் வாயுவை யாரும் கேட்பதில்லை. அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு.

ஆரம்ப காலப் பெட்டிகளில் இருந்தவை அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு போன்றவை. கசிந்தால் உயிருக்கே ஆபத்து. 1928-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர், நஞ்சில்லாத, தீப்பிடிக்காத குளோரோஃபுளோரோகார்பனைக் குளிரூட்டியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1930-இல் மிட்ஜ்லி அந்த வாயுவை மூச்சில் இழுத்து, ஊதி, மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். 'ஆர்-12' அப்படித்தான் அடுக்களைக்குள் நுழைந்தது.

இது ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-இல் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தனர். 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் உருவாயிற்று. 1992-இல் இந்தியா சேர்ந்தது. மருந்துத் தேவை போன்ற சில விலக்குகள் தவிர, 2010-க்குள் வளரும் நாடுகளும் உற்பத்தியை நிறுத்த வேண்டும் என்பது விதி.

ஆனால் ஒப்பந்தம் தடுத்தது தயாரிப்பைத்தான். மெஷின்களுக்குள் ஏற்கெனவே இருப்பதை அழிக்கச் சொல்லவில்லை. ஒரு கிலோ ஆர்-12, நூறாண்டுக் கணக்கில், சுமார் 10 டன் கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். அதைப் பிடித்து எரிக்கிற செலவை யார் தருவது? கலிபோர்னியா 2011-இல் ஒரு வழி வகுத்தது: எரித்தவருக்குக் 'கார்பன் வரவு', அதை வாங்கும் ஆலை தன் புகைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு கண்ணி உண்டு. நம் நாடே அதற்குச் சாட்சி. ஆர்-22 தயாரிக்கும்போது எச்.எஃப்.சி-23 என்ற கழிவு வாயு பிறக்கும். அதை எரிக்கும் குஜராத் ஆலைத் திட்டம் 2005-இல் கியோட்டோ ஏற்பாட்டின்கீழ் பதிவாயிற்று. எரிக்கும் செலவைவிட வரவின் விலை பன்மடங்கு. எரிப்பதற்காகவே கழிவைப் பெருக்குகிறார்களோ என்ற சந்தேகம் உலகெங்கும் எழுந்தது. 2013-இல் ஐரோப்பா அவ்வரவுகளை ஏற்க மறுத்தது. 2016-இல் இந்திய அரசு, சொந்தச் செலவிலேயே எரிக்கும்படி ஆலைகளுக்கு உத்தரவிட்டது.

பாடம் இதுதான்: தயாராகிக்கொண்டிருக்கும் பொருளின் கழிவுக்குக் காசு கொடுத்தால் கழிவுதான் வளரும். பழைய ஆர்-12 விஷயம் வேறு. குளிர்பெட்டிக்காக அதைச் சட்டப்படி இனி யாரும் தயாரிக்க முடியாது. அது பழையதுதான், எரிந்தது நிஜம்தான் என்று நிரூபித்தால், அந்தக் காசு நியாயமானதே.

உங்கள் பெட்டி 1990-களில் வாங்கியதா? அநேகமாக உள்ளே ஆர்-12 இருக்கும். குழாயை வெட்ட விடாதீர்கள். வாயுவை சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும் மெக்கானிக்கையோ, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையத்தையோ முதலில் விசாரியுங்கள்.