ரிப்பீட் கேள்வி: ஒரு சிரப்பின் கதை

இந்த எபிசோட் எங்க வீட்டு ஹால்ல ஆரம்பிச்சது. என் தங்கச்சி வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு வந்து, எஃப்.எம்.ஜி.இ. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். மொத்தம் 300 கேள்வி. 150 எடுத்தால் பாஸ், இல்லையென்றால் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய முடியாது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஃபார்மகாலஜி கேள்விகளை வாசிப்பேன், அவள் பதில் சொல்வாள்.

ஒரு நாள் வந்த கேள்வி இது. மூன்று வயசுக் குழந்தை, இருமல் சிரப் குடித்த சில நாளில் சிறுநீர் நின்றுவிட்டது, சிறுநீரகம் செயலிழக்கிறது. சிரப்பில் எது கலந்திருக்கும்? நான் ஆப்ஷன் வாசிப்பதற்குள்ளேயே, "டைஎத்திலீன் கிளைகால்" என்றாள்.

"எப்படிம்மா இவ்வளவு வேகமா?"

"ரிப்பீட் கேள்விண்ணா."

ஏன் இது ரிப்பீட் ஆகுது? அந்தச் சந்தேகத்தோடு தேடியதுதான் இன்றைய கதை.

1937, அமெரிக்கா. சல்ஃபனிலமைடு அப்போது வந்திருந்த அற்புத மருந்து. பென்சிலின் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. மாத்திரையாகவும் பொடியாகவும் மட்டுமே கிடைத்தது. குழந்தைகளுக்குக் கொடுக்கத் திரவமாக வேண்டும் என்று கேட்டார்கள். டென்னசி மாநிலத்தின் மாசென்கில் நிறுவனத்தில் வேலை பார்த்த வேதியியலாளர் ஹரோல்ட் வாட்கின்ஸ், அது டைஎத்திலீன் கிளைகாலில் நன்றாகக் கரையும் என்று கண்டுபிடித்தார். இனிப்பாகவும் இருந்தது. நிறம், மணம், ருசி எல்லாம் சோதித்தார்கள். விஷமா என்று மட்டும் சோதிக்கவில்லை. சட்டம் அதைக் கேட்கவும் இல்லை. செப்டம்பரில் 'எலிக்ஸிர் சல்ஃபனிலமைடு' நாடு முழுக்கப் போனது.

அந்தத் திரவம் உடம்புக்குள் போனதும், கல்லீரல் என்சைம்கள் அதை டைகிளைகாலிக் அமிலமாக மாற்றுகின்றன. அது சிறுநீரகக் குழாய்களின் செல்களைக் கொல்கிறது. 100 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் நிறைய குழந்தைகள்.

கண்டுபிடித்தது யார் தெரியுமா? ஓக்லஹோமாவின் டல்சா நகரத்து டாக்டர்கள். அக்டோபரில் அடுத்தடுத்து மரணங்களைப் பார்த்ததும் அமெரிக்க மருத்துவச் சங்கத்துக்குத் தகவல் அனுப்பினார்கள். எஃப்.டி.ஏ. தன் ஆட்களில் கிட்டத்தட்ட எல்லோரையும் பாட்டில் தேட இறக்கியது. தயாரித்தது 240 கேலன். மீட்டது 234 கேலனுக்குச் சற்று மேல். குடித்துத் தீர்ந்த அந்த ஆறு கேலன்தான் இத்தனை உயிரையும் எடுத்தது.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், அந்த மருந்தைப் பறிமுதல் செய்ய எஃப்.டி.ஏ.வுக்குக் கிடைத்த ஒரே சட்டக் காரணம் பெயர்தான்! 'எலிக்ஸிர்' என்றால் அதில் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை. 'சொல்யூஷன்' என்று லேபிள் ஒட்டியிருந்தால் தொட்டிருக்க முடியாது. அதனால்தான் 1938-ல் புதுச் சட்டம் வந்தது: மருந்து பாதுகாப்பானது என்று காட்டிய பிறகுதான் விற்கலாம்.

நான் சாஃப்ட்வேர்ல இருக்கேன். எங்க வேலைல ஒரு பக் வந்தால், அதைச் சரி செய்வதோடு ஒரு டெஸ்ட் கேஸும் எழுதி வைப்போம், அதே பக் திரும்ப வரக்கூடாது என்று. 1938 சட்டம் அப்படி ஒரு டெஸ்ட் கேஸ்தான். ஆனால் எழுதி வைத்தால் போதாது, ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார்க்கணும்.

1972, நம்ம சென்னை. 1986, மும்பை. 2022, காம்பியா. இங்கெல்லாம் கிளிசரின் போன்ற கரைப்பான் இருக்க வேண்டிய இடத்தில் இது வந்து சேர்ந்தது. பார்க்க ஒரே மாதிரி, விலை மலிவு, கண்டுபிடிக்க லேப் சோதனை வேண்டும். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அவர்கள் குடித்த இருமல் சிரப் தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம், தமிழ்நாடு அரசின் பரிசோதனைக் கூடம் அந்தச் சிரப்பில் கண்டது 48.6 சதவீதம்.

இதையெல்லாம் தங்கச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "மாற்று மருந்து ஃபோமெபிசோல்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன். ஆனா முதல் குழந்தை வரும்போது பாட்டிலை வாங்கி வெச்சு, உடனே மேல தகவல் சொல்லணும்ல? அது எந்த ஆப்ஷன்லயும் வர்றதில்லையே அண்ணா" என்றாள்.

டல்சா டாக்டர்கள் செய்தது அதைத்தான். தொழிற்சாலை தவறவிட்டு, சோதனை தவறவிட்டு, கடைசியாக அது வந்து நிற்பது ஒரு டாக்டர் முன்னால். அந்த இடத்தில் நாளைக்கு என் தங்கச்சி இருக்கலாம்.

இப்போதும் ராத்திரி கேள்வி வாசிக்கிறேன். ரிப்பீட் கேள்வி வந்தால் முன்பு மாதிரி தாண்டிப் போவதில்லை.