இருதய நோயாளிகளின் அந்தச் சிறு மாத்திரை: டாக்டர் சலீம் யூசுப்பின் ஆய்வுகள் சொல்வது என்ன?

மாரடைப்பு கண்டு மருத்துவமனையில் சேர்ந்து, நலம் பெற்று வீடு திரும்புபவரின் மருந்துப் பையில் பெரும்பாலும் இரண்டு சிறு மாத்திரைகள் இருக்கும். ஒன்று ஆஸ்பிரின். நம் நாட்டில் பலர் அதை ‘கார்டிபிரின்’ என்ற பெயரில் அறிவார்கள். மற்றொன்று குளோபிடோக்ரல். ‘பிளாவிக்ஸ்’ என்றால் பலருக்குப் புரியும்.

சில மாதங்கள் கழிந்து வலி இல்லை என்றதும் இவற்றைத் தாமாகவே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. மாரடைப்பே வராமல், பக்கத்து வீட்டு அண்ணன் சாப்பிடுகிறார் என்பதற்காகத் தாமும் கடையில் வாங்கிச் சாப்பிடுபவர்களும் உண்டு. இரண்டுமே ஆபத்தானவை. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, இத்துறையில் உலகம் அறிந்த ஆய்வாளர் டாக்டர் சலீம் யூசுப்பின் பணியைத் தெரிந்துகொள்வது உதவும்.

கொட்டாரக்கராவிலிருந்து கனடா வரை

சலீம் யூசுப் 1952இல் கேரளாவின் கொட்டாரக்கராவில் பிறந்தவர். பெங்களூர் செயிண்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். பின்னர் ரோட்ஸ் உபகாரச் சம்பளம் பெற்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் சென்று முனைவர் பட்டம் பெற்றார். 1984இல் அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகத்தில் சேர்ந்தார். 1992இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, அங்கே மக்கள் சுகாதார ஆய்வுக் கழகத்தை உருவாக்கினார். 2014இல் கனடாவின் கெய்ர்ட்னர் விட்மன் விருது அவருக்குக் கிடைத்தது. உலக இருதயச் சம்மேளனத்தின் தலைவராகவும் அவர் இருந்திருக்கிறார்.

ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்தில் அவரும் ரிச்சர்ட் பீட்டோ, ரோரி காலின்ஸ் ஆகியோரும் ஒரு கருத்தை வலியுறுத்தினர். நூறு, இருநூறு பேரிடம் ஒரு மருந்தைச் சோதித்தால் கிடைக்கும் முடிவு தற்செயலாகவும் அமைந்துவிடலாம். அதனால் ஆய்வின் நடைமுறை எளிதாக இருக்க வேண்டும், அதில் ஆயிரக்கணக்கானோர் பங்கெடுக்க வேண்டும் என்றார்கள்.

மாத்திரை என்ன செய்கிறது?

நம் இரத்தத்தில் தட்டணுக்கள் என்ற மிகச் சிறிய அணுக்கள் உள்ளன. கையில் வெட்டுப்பட்டால் அவை ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு காயத்தை அடைக்கின்றன. அதே வேலையை அவை இருதய இரத்தக் குழாய்க்குள் செய்யும்போதுதான் ஆபத்து வருகிறது. குழாயின் சுவரில் படிந்துள்ள கொழுப்புப் படிவம் வெடித்தால், தட்டணுக்கள் அதையும் காயமாக எண்ணிக் குவிகின்றன. இரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. இதுவே பெரும்பாலான மாரடைப்புகளுக்குக் காரணம்.

ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கின்றன. ‘இரத்தத்தை மெலிதாக்கும் மருந்து’ என்று நாம் சொன்னாலும், இரத்தம் தண்ணீராகிவிடுவதில்லை. இரண்டு மருந்துகளும் வெவ்வேறு வழியில் வேலை செய்வதால்தான் சிலருக்கு இரண்டும் சேர்த்துத் தரப்படுகின்றன.

பழைய மருந்து, புதிய பயன்

சலீம் யூசுப்பும் சேர்ந்து தொடங்கிய ‘ஐசிஸ்’ ஆய்வு வரிசையில் இரண்டாவது ஆய்வின் முடிவு 1988இல் வெளிவந்தது. மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேர் அதில் இடம்பெற்றனர். ஒரு பகுதியினருக்கு ஒரு மாதம் தினமும் சுமார் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் தரப்பட்டது. ஐந்து வாரங்களில், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 11.8 விழுக்காட்டினர் இருதய, இரத்தக் குழாய் நோயால் இறந்தனர். ஆஸ்பிரின் பெற்றவர்களில் அது 9.4 விழுக்காடு. சில காசுக்குக் கிடைக்கும் தலைவலி மாத்திரை, நூறு பேரில் இரண்டு உயிருக்கு மேல் காத்தது.

இந்த ஆய்வில் ஒரு சுவையான செய்தியும் உண்டு. நோயாளிகளைச் சிறு சிறு பிரிவுகளாகப் பிரித்துப் பார்த்தால் எப்படித் தவறான முடிவு வரும் என்று காட்ட, ஆய்வாளர்கள் வேண்டுமென்றே அவர்களை ராசிவாரியாகப் பிரித்தார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரினால் பயனில்லை என்பதுபோல் கணக்கு வந்தது! ராசிக்கும் மருந்துக்கும் தொடர்பில்லை. சிறு எண்ணிக்கையை நம்பினால் ஏமாறுவோம் என்பதே அதன் பாடம். ‘எனக்குத் தெரிந்த ஒருவர் மருந்தை நிறுத்தியும் நன்றாகத்தான் இருக்கிறார்’ என்று சொல்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது மாத்திரையின் கணக்கு

2001இல் சலீம் யூசுப் தலைமையில் ‘கியூர்’ ஆய்வின் முடிவு வெளிவந்தது. 28 நாடுகளைச் சேர்ந்த 12,562 பேர் அதில் பங்கெடுத்தனர். திடீர் நெஞ்சு வலியோடு மருத்துவமனைக்கு வந்த அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆஸ்பிரின் மட்டும், மறு பகுதியினருக்கு ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரலும் தரப்பட்டது. மூன்று மாதங்கள் முதல் ஓராண்டு வரை இந்தச் சிகிச்சை நீடித்தது.

ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கு இருதய நோய் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் ஒன்று ஏற்பட்டது. இரண்டும் பெற்றவர்களில் அது 9.3 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால், கடுமையான இரத்தக் கசிவு 2.7இலிருந்து 3.7 விழுக்காடாக உயர்ந்தது. அதாவது நூறு பேரில் இருவர் காப்பாற்றப்படும்போது, கூடுதலாக ஒருவருக்கு இரத்தக் கசிவு நேர்ந்தது. இரண்டாவது மாத்திரையை எத்தனை மாதம் தருவது என்று மருத்துவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவு செய்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

மாரடைப்பு வராதவர்களுக்கு?

முன்பே இருதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களுக்குப் பயன் பெரிது. வராதவர்களின் கணக்கு வேறு. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இந்நோய் இல்லாத 19,114 முதியோரிடம் வேறு ஆய்வாளர்கள் நடத்திய ‘ஆஸ்பிரீ’ ஆய்வு 2018இல் வெளிவந்தது. தினமும் ஆஸ்பிரின் சாப்பிட்டதால் இருதய நோய் குறிப்பிடும்படி குறையவில்லை. பெரிய இரத்தக் கசிவு மட்டும் 2.8இலிருந்து 3.8 விழுக்காடாகக் கூடியது. ‘வருமுன் காப்போம்’ என்று தாமாகவே ஆஸ்பிரின் தொடங்குவது சரியல்ல என்பதற்கு இதுவே காரணம்.

மருந்து இருந்தும் சேரவில்லை

மருந்து கண்டுபிடித்தால் போதுமா, அது மக்களைச் சென்றடைகிறதா? சலீம் யூசுப் தலைமையிலான ‘பியூர்’ ஆய்வு இதைக் கேட்டது. மலேசியா உட்பட 17 நாடுகளில் ஒன்றரை இலட்சத்திற்கும் அதிகமானோரிடம் தகவல் திரட்டப்பட்டு, 2011இல் முடிவு வெளிவந்தது. இருதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களில் தட்டணுத் தடுப்பு மருந்து சாப்பிட்டவர்கள் 25.3 விழுக்காட்டினர் மட்டுமே. நகரங்களில் 28.7 விழுக்காடு, கிராமப்புறங்களில் 21.3 விழுக்காடு. தோட்டங்களிலும் பட்டணத்திற்குத் தொலைவிலும் வாழும் குடும்பங்கள் இந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும்.

நமக்கு இது இன்னும் முக்கியம். அவரது ‘இண்டர்ஹார்ட்’ ஆய்வின்படி, தெற்காசிய நாட்டினருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டினருக்கு அது கிட்டத்தட்ட 59. புகைத்தல், கெட்ட கொழுப்பு, இரத்த அழுத்தம், இனிப்பு நீர், வயிற்றுப் பருமன், மன உளைச்சல், காய்கனி குறைவு, உடற்பயிற்சியின்மை போன்ற காரணங்களே மாரடைப்பு அபாயத்தில் பெரும் பங்கை விளக்குகின்றன என்றும் அந்த ஆய்வு காட்டியது.

குடும்பத்தினர் கவனத்திற்கு

• மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறையலாம்.

• பல் பிடுங்குவதற்கோ அறுவை சிகிச்சைக்கோ முன், இந்த மாத்திரைகளைச் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரினின் விளைவு ஒரு வாரத்திற்கு மேலும் நீடிக்கும்.

• முட்டி வலிக்கும் முதுகு வலிக்கும் கடையில் ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளை வாங்கிச் சாப்பிடாதீர்கள். அவை ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்படும் அபாயம் கூடும்.

• காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் கிளினிக் செல்லுங்கள். டிங்கிக் காய்ச்சலில் தட்டணுக்கள் குறையும் என்பதால், மாத்திரையைத் தொடர்வதா வேண்டாமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

• மலம் தார்போல் கறுத்துப் போனாலும், இரத்த வாந்தி எடுத்தாலும் உடனே மருத்துவமனை செல்லுங்கள்.

• நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை அழையுங்கள். நோயாளியே வண்டி ஓட்டக்கூடாது.

வீட்டில் ஒருவர் போதும்

2019இல் வெளியான ‘ஹோப் 4’ ஆய்வு மலேசியாவிலும் கொலம்பியாவிலும் நடந்தது. சலீம் யூசுப்பின் குழுவினரும் மலேசிய மருத்துவர்களும் அதில் பங்கெடுத்தனர். இரத்த அழுத்தம் உள்ள 1,371 பேரில் ஒரு பகுதியினருக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் மருத்துவர்களின் மேற்பார்வையில் வழிகாட்டினர். மருந்து இலவசம். அதோடு, நோயாளி மருந்து சாப்பிடுவதைக் கவனிக்க அவரது குடும்பத்தாரோ நண்பரோ ஒருவர் துணை நின்றார். ஓராண்டில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களின் இருதய நோய் அபாயம் தெளிவாகக் குறைந்தது.

அப்பாவோ அம்மாவோ மருந்துப் பையோடு வீடு திரும்பியிருந்தால், இன்று இரவு அந்தப் பையைத் திறந்து பாருங்கள். எத்தனை மாத்திரை மீதம் இருக்கிறது, அடுத்த ‘அப்பாயிண்ட்மென்ட்’ எப்போது என்று கேளுங்கள். அந்தத் துணை ஆளாக நீங்களே இருக்கலாம்.