மக்கா: கூட்டத்துக்காக இடித்ததா கோட்டை?

புனித நகரங்களில் பழைய கட்டடத்தை இடிக்கும்போது பெரும்பாலும் ஒரே காரணம்தான் சொல்வார்கள்: கூட்டம். மக்காவில் இந்தக் காரணம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்று பார்ப்போமா நண்பர்களே?

கூட்டம் பொய்யில்லை. 2012 ஹஜ்ஜில் 31 லட்சம் பேருக்கு மேல். அத்தனை பேரும் அதே சில நாட்களில், அதே சில இடங்களில் இருந்தாக வேண்டும். 1990-ல் சுரங்கப்பாதை நெரிசலில் மட்டும் 1,426 பேர் இறந்தார்கள். மினாவில் சைத்தானைக் குறிக்கும் தூண்கள் மீது கல்லெறியும் ஜமராத்தில் 2004-ல் 251 பேர். 2006 ஜனவரியில் 340-க்கும் மேல். இதற்குப் பிறகும் எதையும் தொடாதே என்று சொல்ல எனக்கு மனசு வராது.

சரி, அங்கே என்ன செய்தார்கள்? 2004-க்குப் பின் மூன்று தூண்களையும் நீளமான சுவர்களாக மாற்றினார்கள். எல்லோரும் ஒரே புள்ளியில் முட்டிக்கொள்ளாமல் நடந்துகொண்டே எறியலாம். 2006-க்குப் பின் பழைய பாலத்தை இடித்துவிட்டு, பல மாடிகளோடு, வருவதற்கு ஒரு வழி, போவதற்கு ஒரு வழி என்று புதுப் பாலம் கட்டினார்கள். 2015-ல் மறுபடி பெரிய நெரிசல் வந்தது. ஆனால் பாலத்தில் அல்ல, அதற்குப் போகும் தெருக்கள் சந்திக்கிற இடத்தில்!

இப்போது அஜ்யாத் கோட்டைக்கு வருவோம். 18-ஆம் நூற்றாண்டில் ஓட்டோமான்கள் பெரிய பள்ளிவாசலுக்குப் பக்கத்துக் குன்றின் மேல் கட்டியது. 2002-ல் கோட்டை மட்டுமல்ல, குன்றே போய்விட்டது. துருக்கி கடுமையாகக் கண்டித்தது. வெளியார் தலையிட உரிமையில்லை என்றது சவூதி. இன்று அங்கே 601 மீட்டர் உயர மணிக்கூண்டுக் கோபுரம். ஹோட்டல்கள், அடுக்குமாடி வீடுகள், ஷாப்பிங் மால். வக்ஃபு சொத்துதான், யாத்ரீகர்கள் தங்கவும் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் படுக்கையைத் தள்ளி வைத்து பஸ் விடலாமே? கஅபா தெரிகிற ஜன்னலைத்தான் தள்ளி வைக்க முடியாது. (காமர்ஸ் படிக்கிறவனுக்கு முதலில் கண்ணில் படுவது அந்த ஜன்னலின் வாடகைதான்!) அத்தனை அறைகளையும் வாசலிலேயே அடுக்கினால் நெரிசல் எப்படிக் குறையும் என்பது எனக்குப் புரியவில்லை.

இத்தனைக்கும், கூட்டம் உச்சத்தில் இருப்பது கஅபாவைச் சுற்றி வலம் வரும் இடத்தில். அங்கே நின்ற ஓட்டோமான் கால வளைவு மண்டபங்களை 2010-களின் விரிவாக்கத்தின்போது கழற்றி எடுத்து, சீர்செய்து, ஒரு பகுதியைத் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள்.