‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’: ஒரு பழமொழியும் செங்கற்பட்டு வரலாறும்

வறுமை பற்றிய தமிழ்ப் பழமொழிகளை ஊழின் குரலாகவே கொள்வார் உளர். அக்கருத்து முற்றும் பொருந்துவதன்று. ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்னும் ஒன்றனை மட்டும் ஈண்டு ஆராய்வோம்.

அம்பலம் என்பது ஊரார் கூடி வழக்குரைக்கும் பொதுவிடம். ஏழையின் சொல் பொய்யென்றோ பிழையென்றோ பழமொழி கூறவில்லை. ஏறாது என்றே கூறுகின்றது. குறை சொல்லினிடத்தன்று, அம்பலத்தினிடத்தது. மாமல்லபுரக் கடற்கரையையும் உத்திரமேரூரையும் ஒருங்கே கொண்டிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள் இரண்டு, முதற் பராந்தகன் காலத்தன, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியன. வாரியத்திற்குக் குடவோலையிற் பெயர் எழுதப்பெறுவோன் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் எடுத்த வீடும் உடையனாதல் வேண்டும் என்பது அவற்றின் விதி. வேதமும் பாடியமும் வல்லார்க்கு அரைக்கால் வேலி அமையும். அஃது அந்தணர் சபையாதலின், நிலத்தோடு குலமும் அதன் வாயிலைக் காத்தது. குடவோலையின் சிறப்பைப் போற்றும் நாம் இதனை மறத்தல் தகாது.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழிந்தன. 1891இல் செங்கற்பட்டுக் கலெக்டர் திரெமென்கீர், அம்மாவட்டத்துப் பறையர் நிலைமை குறித்து அரசுக்கு அறிக்கை விடுத்தார். தரிசு நிலம் வேண்டி ஏழை மனுச் செய்யினும், அந்நிலத்தின்மீது மிராசுதாரர்க்கே முதலுரிமை இருந்தது. உழுதவன் கையில் ஏர் இருந்தது. ஏடு பிறர் கையில் இருந்தது. இவ்வறிக்கையின் பயனாக 1892இல் ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. அவ்வாறு ஒதுக்கப்பெற்றவையே பஞ்சமி நிலங்கள். அவற்றுட் பல பின்னர்ப் பிறர் கைப்பட்டன. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் அத்தகைய நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபரில், காவலர் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் இரையாயினர்.

இப்பழமொழி தமிழர்க்கே உரிய எண்ணமும் அன்று. இன்றைய கானா நாட்டு அகான் மக்களிடையே, ‘ஏழை பழமொழி கூறினால் அது பரவாது’ என்னும் கருத்தமைந்த பழமொழி வழங்குகின்றது. அம்மக்களின் பழமொழிகள் மூவாயிரத்து அறுநூற்றைக் கிறிஸ்தாலர் என்பார் 1879இல் தொகுத்து வெளியிட்டார். கடல் கடந்த இரு நிலத்தாரும் வறுமையின் முதல் இழப்பாகக் கண்டது சோற்றையன்று, சொல்லையே என்பது கருதற்பாலது.

கல்வெட்டு, சபையில் அமர்ந்தவன் எழுதிவைத்த சான்று. பழமொழி, வெளியே நின்றவன் சொல்லிவைத்த சான்று. முன்னதை மட்டும் படித்து எழுதும் ஊர் வரலாறு பாதி வரலாறே ஆகும்.