மலைமக்களும் மின்சாரமும்

செட்டிகுளத்துக் குன்றின்மேல் கோயில் கொண்டிருக்கும் தண்டாயுதபாணியைத் தொழுதுவிட்டு வடமேற்கே பார்வையைச் செலுத்துவோமானால், பச்சைமலைத் தொடர் நீண்டு கிடப்பதைக் காணலாம். அம்மலையில் வாழும் பழங்குடி மக்களை மலையாளிகள் என்று அழைக்கிறோம். மலையில் வாழ்வோர் என்பதே அச்சொல்லின் பொருள்; அவர்கள் பேசுவது தமிழே. தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு.

மலையில் நீர் வீழ்கிறது, காற்று வீசுகிறது. இவற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் கலையை மனிதன் கற்றுக்கொண்டான். அம்மின்சாரத்தில் மலையில் வாழ்வோருக்கு என்ன பங்கு? இக்கேள்விக்குக் கடந்த நூறு ஆண்டுகளில் உலகம் அளித்துவந்த விடைகளைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் நமது நீலகிரிக்குச் செல்வோம். 1932ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மூவாயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய்களில் இறங்கிய நீர் சிங்காராவில் பொறிகளைச் சுழற்றிற்று. அந்த மின்சாரத்தால் கோயம்புத்தூரின் பஞ்சாலைகள் பெருகின. தமிழகத்தின் தொழில் வரலாற்றில் இது பெருமைக்குரிய அத்தியாயம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே பைக்காரா ஆறு தோடர்களுக்குப் புனித ஆறு.

அடுத்து வந்தது குந்தா திட்டம். கொழும்புத் திட்டத்தின் வாயிலாகக் கனடா நாடு இதற்கு உதவிற்று. 1950களிலும் 1960களிலும் மலைப் பள்ளத்தாக்குகளில் அணைகள் எழுந்தன. எமரால்டு, அவலாஞ்சி முதலிய நீர்த்தேக்கங்கள் தோன்றின. எருமைகளையே செல்வமாகக் கொண்ட தோடர்கள், இத்தகைய திட்டங்களால் தங்கள் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியை இழந்தனர். அந்நாளில் நிலம் எடுப்பதற்கு இருந்த சட்டம் 1894ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பட்டா உடையவருக்கு நஷ்ட ஈடு வழங்க அது வகை செய்தது. அவரது சம்மதம் வேண்டும் என்று கூறவில்லை. எருமை மேய்க்கும் உரிமைக்கும், ஆற்றை வணங்கும் உரிமைக்கும் பட்டா ஏது?

நமக்கு உதவிய கனடாவிலேயே இக்கேள்வி பின்னர் பெரிதாக எழுந்தது. 1971இல் கியூபெக் மாகாண அரசு, ஜேம்ஸ் விரிகுடாவில் கலக்கும் ஆறுகளில் மாபெரும் நீர்மின் திட்டம் ஒன்றை அறிவித்தது. அங்கே வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த கிரீ மக்களையும் இனுயிட் மக்களையும் எவரும் முன்னதாகக் கலந்துகொள்ளவில்லை. அவர்கள் நீதிமன்றம் சென்றனர். 1973 நவம்பரில் நீதிபதி ஆல்பர்ட் மலூஃப் வேலையை நிறுத்த ஆணையிட்டார். ஒரு வாரத்திற்குள் மேல்நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்திவைத்தது. ஆயினும், பேசாமல் முடியாது என்பது அரசுக்கு விளங்கிவிட்டது. 1975இல் உடன்படிக்கை ஏற்பட்டது, 22.5 கோடி டாலர் ஈடாக முடிவாயிற்று. 2002இல் கிரீ மக்களோடு 50 ஆண்டுகளுக்கான மற்றோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்படி அப்பகுதியின் வளம் வளர வளர, அவர்களுக்குரிய ஆண்டுத் தொகையும் வளரும்.

மானிடோபா மாகாணத்தில் நிசிச்சவாயசிக் கிரீ மக்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். முன்னர் 1970களில் ஆற்றைத் திருப்பியதால் அல்லலுற்றவர்கள் அவர்கள். ஊரார் வாக்களித்து ஒப்புதல் தந்தபின், 2006இல் வஸ்க்வாடிம் நீர்மின் நிலையத்தில் மூன்றில் ஒரு பங்குவரை உரிமை பெறும் உடன்படிக்கையைச் செய்துகொண்டனர். 2012இல் நிலையம் இயங்கியது. ஆனால் கட்டுமானச் செலவு ஏறிற்று. மின்சாரத்தின் ஏற்றுமதி விலையோ இறங்கிற்று. தொடக்க ஆண்டுகளில் நஷ்டமே கண்டது. பங்காளிக்கு நஷ்டத்திலும் பங்குண்டு என்பதை இவ்வரலாறு கற்பிக்கிறது. ஆகவே கணக்கைப் படித்துப் பார்க்கும் அறிவும் பங்காளிக்கு வேண்டும்.

காற்று தூய்மையானது, அதில் சச்சரவு எழாது என்று எண்ணுகிறோமா? நார்வே நாட்டின் ஃபோசன் பகுதியில் நிறுவப்பட்ட காற்றாலைகள், கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் பண்பாட்டு உரிமையைப் பாதித்தன என்றும், அவற்றுக்கு அளித்த உரிமம் செல்லாது என்றும் 2021 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காற்றுக்கு எல்லை இல்லை. காற்றாலை நிற்கும் நிலத்திற்கு எல்லை உண்டு, உரியவர்களும் உண்டு.

நம் நாட்டில் நல்ல முன்மாதிரி இல்லையா? உண்டு. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சியில் இருளர் குடும்பங்களும் வாழ்கின்றன. அவ்வூராட்சி 2006இல் தன் சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொண்டு, சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கிற்று. காற்று மிகுந்த உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் அது நிறுவப்பட்டது. ஊரின் தேவைக்குப் போக எஞ்சிய மின்சாரம் மின்வாரியத்திற்கு விற்கப்பட்டது. அவ்வருவாயே கடனை அடைக்க உதவிற்று. காற்றாலை சிறிதுதான். ஆனால் அதன் உரிமையாளர் ஊர்மக்கள்!

சட்டமும் சிறிது முன்னேறியுள்ளது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோரின் தனி உரிமையையும் சமூக உரிமையையும் ஏற்றுக்கொண்டு, கிராம சபைக்கு இடமளித்தது. ஆனால் பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டம், அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கே உரியது. தமிழ்நாட்டில் அத்தகைய பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஆதலின் பச்சைமலை மக்கள் அச்சட்டத்தின் துணையை நாட இயலாது. வன உரிமைச் சட்டமும் தங்கள் ஒற்றுமையும் கல்வியுமே அவர்களுக்குக் கைகொடுப்பவை.

நஷ்ட ஈடு கைக்கு வந்த அன்றே செலவாகத் தொடங்குகிறது. பங்கு தலைமுறைக்கும் நிற்கிறது. ஆனால் பங்குக்கும் முன்னதாக வேண்டியது சம்மதம். கேட்டுப் பெறாத இடத்தில் கொடுக்கும் பங்கு, கொள்ளையில் தரும் கூலியாகும்.

மாணவ நண்பர்களே, நாளை உங்களுள் சிலர் பொறியாளராகவும் அதிகாரியாகவும் வரக்கூடும். வரைபடத்தை விரித்து ஒரு மலையின்மீது கோடு இழுக்கும் வேளை உங்களுக்கும் வரலாம். அப்பொழுது ஒரு கணம் எழுதுகோலை நிறுத்துங்கள். அம்மலையேறிச் சென்று, அங்குள்ளவர்களுடன் அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வந்து, பிறகு கோட்டை இழுங்கள்.