தபாவின் சாட்சிகளும் நவநீதம் பிள்ளையும்

 சென்னைக் கரையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. ஒப்பந்தக் கூலி முறை என்பது, ஐந்தாண்டு போன்ற ஒரு காலத்துக்கு ஒரே முதலாளியிடம் உழைப்பதாகக் கைந்நாட்டு வைப்பதும், இடையில் வேலையை விட்டு விலகினால் சட்டப்படி தண்டிக்கப்படுவதுமான ஏற்பாடாகும். திருவள்ளூர் வட்டத்தை உள்ளடக்கிய பழைய செங்கற்பட்டு மாவட்டமும் வட ஆர்க்காடும் தென்னாப்பிரிக்கக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்களை அனுப்பிய மாவட்டங்களில் அடங்கும். அவ்வாறு சென்ற தமிழ்க் கூலிகளின் வழியில், ஒரு பேருந்து ஓட்டுநரின் மகளாக, 1941 செப்டம்பர் 23 அன்று டர்பனில் பிறந்தவர்தான் நவநீதம் பிள்ளை.

வெள்ளையர் அல்லாதோரைக் குடியிருப்பு, கல்வி, தொழில் அனைத்திலும் சட்டத்தாலேயே பிரித்துவைத்த நிறவெறி ஆட்சியில், அவர் வாழ்ந்த பகுதியின் இந்திய மக்கள் திரட்டிக் கொடுத்த நன்கொடையால் நேட்டால் பல்கலைக்கழகத்தில் 1965-இல் சட்டப் பட்டம் பெற்றார். பட்டம் மட்டும் போதாது. மூத்த வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து தொழில் பழகிய பிறகே தனித்து வழக்காட முடியும். வெள்ளைக்காரப் பணியாளர்கள் ஓர் இந்தியப் பெண்ணின் சொல்லைக் கேட்டு வேலை செய்ய மாட்டார்கள் என்று சொல்லிப் பல அலுவலகங்கள் கதவடைத்தபோது, நேட்டால் இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்தவரும் அரசின் தடை ஆணைக்கு உள்ளாகியிருந்தவருமான என்.டி. நாயக்கர் அவரைச் சேர்த்துக்கொண்டார். தானே நடமாட்ட உரிமையை இழந்திருந்த ஒருவரிடம் தொழில் கற்றது அவருடைய பிற்கால வழக்குகளின் போக்கைத் தீர்மானித்தது என்றே கருத வேண்டும். 1967-இல் நேட்டால் மாகாணத்தில் சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் திறந்த, வெள்ளையர் அல்லாத முதல் பெண் என்ற நிலையை அடைந்த அவர், 1973-இல் நெல்சன் மண்டேலா உள்ளிட்ட ராபன் தீவுக் கைதிகள் வழக்கறிஞர்களைச் சந்திக்கும் உரிமையை வாதாடிப் பெற்றார்.

1995-இல், ருவாண்டாவில் முந்தைய ஆண்டு நிகழ்ந்த படுகொலைகளை விசாரிக்க ஐ.நா. அமைத்த பன்னாட்டுத் தீர்ப்பாயத்துக்கு அவர் நீதிபதியாகத் தேர்வானார். தொடக்க ஆண்டுகளில் அங்கிருந்த ஒரே பெண் நீதிபதியும் அவரே. இனப்படுகொலை என்பது, ஓர் இனத்தையோ சமயக் குழுவையோ முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்துடன் செய்யப்படும் செயல்களைக் குறிக்கும் சட்டச் சொல்லாகும். 1948-ஆம் ஆண்டு உடன்படிக்கை அதை வரையறுத்தது. தபா என்ற ஊர்ப் பகுதியின் தலைவராக இருந்த ழான்-பால் அக்காயேசுவின் மீதான விசாரணை 1997 ஜனவரியில் தொடங்கியபோது, குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை பற்றி ஒரு சொல்லும் இல்லை. வேறு குற்றங்களைப் பற்றிச் சாட்சி சொல்ல வந்த ஒரு பெண், தன் சிறுவயது மகளுக்கு நேர்ந்ததையும் கூறியபோது, வழக்குத் தொடுத்த தரப்பு அதைத் தொடரவில்லை. நீதிபதிகளின் ஆசனத்திலிருந்தே கேள்விகள் எழுந்தன. பெண்ணுரிமை அமைப்புகள் ‘நீதிமன்றத்தின் நண்பர்’ என்ற தகுதியில், அதாவது வழக்கின் தரப்பினராக இல்லாமல் நீதிமன்றத்துக்கு உதவுவோராக, ஒரு மனுவைத் தயாரித்தன. ரோண்டா கோப்லன் போன்ற பெண் சட்ட அறிஞர்களின் உழைப்பு அதன் பின்னால் இருந்தது. 1997 ஜூனில் பாலியல் வன்முறையையும் சேர்த்துக் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது.

லைத்தி காமா, லென்னார்ட் ஆஸ்பெக்ரேன், நவநீதம் பிள்ளை ஆகிய மூவரும் 1998 செப்டம்பர் 2 அன்று வழங்கிய தீர்ப்பு, ஒரு பன்னாட்டு நீதிமன்றம் இனப்படுகொலைக்காக ஒருவரைக் குற்றவாளி என அறிவித்த முதல் தீர்ப்பாகும். பாலியல் வல்லுறவும் இனப்படுகொலையின் வடிவமாக அமையலாம் என்று முதன்முதலில் ஏற்றதும் அதுவே. உடல் வலிமையைப் பயன்படுத்தினார்களா என்று ஒவ்வொரு முறையும் நிறுவத் தேவையில்லை, ஆயுதம் ஏந்திய கும்பல் சூழ்ந்து நிற்பதே வற்புறுத்தலாகும் என்ற அதன் விளக்கம், அடைக்கலம் தேடித் தபாவின் நிர்வாக அலுவலக வளாகத்துக்கு வந்து வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்ட பெண்களின் உண்மை நிலையை அறிந்து எழுதப்பட்டதாகும். இத்தீர்ப்புப் பணியில் பாலியல் வன்முறை தொடர்பான சிறப்பு ஆலோசகராக இருந்த ஜெசிக்கா நியூவர்த், 1992-இல் பிள்ளையுடன் இணைந்து ‘ஈக்வாலிட்டி நவ்’ என்ற பெண்ணுரிமை அமைப்பைத் தொடங்கியவர். மூத்தவர் இளையவரைத் தனக்குக் கீழே நிறுத்தாமல் தன்னுடன் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் அந்தத் தோழமையில் தெரிகிறது.

1999 முதல் 2003 வரை ருவாண்டாத் தீர்ப்பாயத்தின் தலைவர், பிறகு ஹேக் நகரின் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்ற நீதிபதி, 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையர் எனப் பிள்ளையின் பதவிகள் தொடர்ந்தன. 2013 ஆகஸ்டில் இலங்கை சென்றபோது அவருடைய தமிழ்ப் பூர்வீகத்தைச் சுட்டிப் பலர் அவருடைய நடுநிலை குறித்து ஐயம் கிளப்பினர். 2014 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை, அவருடைய அலுவலகமே இலங்கைப் போர்க்கால மீறல்களை விசாரிக்கும்படி தீர்மானித்தது. ரோஹிங்கியா மக்களை இனப்படுகொலை செய்ததாக மியான்மர் மீது காம்பியா 2019 நவம்பரில் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, அவரைத் தன் சார்பில் இவ்வழக்குக்கான சிறப்பு நீதிபதியாக நியமித்தது. பாலியல் வன்முறையை இனப்படுகொலைச் செயலாகக் கொள்ளும் குற்றச்சாட்டு, காம்பியாவின் முதல் மனுவிலேயே இடம்பெற்றிருந்தது.